முதல் நாவலும் முன்னேற்பாடும்

நம் சங்கத்து இலக்கியக் கூட்டம் ஒன்று முடிந்து, நாற்காலிகளை மடக்கி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இளைஞர் நால்வர் நம்மை அணுகினர். வரும் மார்கழி முதல் நாள் தொடங்கி அம்மாத முடிவுக்குள் ஆளுக்கொரு நாவல் எழுதி முடிப்பதென்று அவர்கள் தமக்குள் பந்தயம் கட்டியிருந்தனர். நால்வருக்கும் அது முதல் நாவல். “அண்ணாச்சி, அதற்கு முன்னே இரண்டு மாதம் கையில் இருக்கிறது. குறிப்பு எவ்வளவு எடுக்க வேண்டும்? கதைத் திட்டத்தை எப்படி வகுத்துக்கொள்வது?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். நாவல் என்பது ஒரு மாதத்தில் விளையும் கீரைப் பாத்தியா என்று கேட்டு அவர்களை அனுப்பியும் விட்டோம். அன்றிரவு வீடு திரும்பியபின் அச்சிரிப்பு நமக்கே உறுத்தியது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

இத்தகைய பந்தயம் நம்மூர் இளைஞர்களின் கண்டுபிடிப்பன்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் கூடி, ஒரே மாதத்தில் நாவல் எழுதுவதென்று தொடங்கினர். அடுத்த ஆண்டிலிருந்து நவம்பர் மாதம் அதற்குரியதாயிற்று. முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொற்கள் என்பது விதி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் ஆகின்றன. பின்னாளில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அதில் கலந்துகொண்டனர். அதை நடத்திய அமைப்பு 2025இல் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. எனினும் அமைப்பு மறைந்தாலும் ஆசை மறைவதில்லை. முதல் நாவல் எழுதத் துணிபவர்க்குத் தவணை ஒன்று தேவைப்படுகிறது என்னும் உண்மை அதன்பின்னும் எஞ்சி நிற்கிறது.

சொற்கணக்கைப் பற்றி இங்கேயே ஒன்று கூறிவிடுதல் நலம். ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. “வரமாட்டேனென்றான்” என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலேயர்க்கோ அரை டஜன். ஐம்பதாயிரம் தமிழ்ச் சொற்கள் எழுதுபவர் அவர்களுடைய பந்தயத்தைவிடப் பெரிய பந்தயத்தில் இறங்குகிறார். ஆகவே நாளுக்கு இத்தனை பக்கம் என்று வைத்துக்கொள்வதே தமிழில் எழுதுவோர்க்கு ஏற்றது.

இனி, கேள்விக்கு வருவோம். விரைந்து எழுதிய நாவல் நல்ல நாவலாக முடியுமா? முடியுமெனில், அதற்கு முன்னேற்பாடு யாது?

இருபத்தாறு நாள் நாவல்

திருவனந்தபுரத்தில் வாழும் வாசகர்க்கு முதலில் நினைவுக்கு வருவது தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’யாகத்தான் இருக்கும். இந்நகரில் வாழ்ந்து எழுதிய பெரும்படவம் ஸ்ரீதரன், அந்நாவல் உருவான நாட்களையே கதையாக்கி ‘ஒரு சங்கீர்த்தனம் போலெ’ என்னும் மலையாள நாவலை 1993இல் வெளியிட்டார். அது நூறு பதிப்புகளைக் கடந்தது. நம் அலுவலகத்தில் நாவலே படிக்காதவர்கள்கூட அதை மட்டும் படித்திருப்பதைக் கண்டிருக்கிறோம்.

வரலாறு இதுதான். ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் கடன்பட்ட நிலையில், 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால் தம் படைப்புகளையெல்லாம் ஒன்பதாண்டுக் காலம் அவர் ஊதியமின்றி வெளியிட்டுக்கொள்ளலாம் என்னும் ஒப்பந்தத்தில் தஸ்தயேவ்ஸ்கி கையொப்பமிட்டிருந்தார். அக்டோபர் பிறந்தபோது ஒரு வரியும் எழுதப்படவில்லை. சுருக்கெழுத்துப் பயின்ற அன்னா என்னும் இருபது வயதுப் பெண்ணை அமர்த்திக்கொண்டு, அம்மாதம் 4ஆம் நாள் தொடங்கி 29ஆம் நாளுக்குள் நாவலைச் சொல்லி முடித்தார். இருபத்தாறு நாட்கள்.

இச்செய்தியைக் கேட்பவர் வேகத்தை வியக்கின்றனர். நாம் வியப்பது வேறொன்றை. 1863ஆம் ஆண்டிலேயே, வெளிநாட்டில் சுற்றித்திரியும் உருசியச் சூதாடி ஒருவனைப் பற்றிய கதை தம் மனத்தில் இருப்பதை நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்திருக்கிறார். மூன்றாண்டுகள் அக்கதை உள்ளே கிடந்தது. சூதாட்ட மேசையோ அவர் தம் பணத்தைக் கொடுத்துக் கற்ற பாடம். அந்த இருபத்தாறு நாட்களிலும்கூட, பகலில் சொல்லவேண்டியதை முந்திய இரவே எழுதி ஆயத்தம் செய்துகொண்டார். ஆக, இருபத்தாறு நாள் என்பது அறுவடைக்கு ஆன காலம். விதைப்புக்கு ஆன காலம் அன்று. அறுவடைக் காலத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வயலில் இறங்குபவர் ஏமாறுவர்.

அறுபத்தெட்டு நாள் நாவல்

இதனினும் நமக்கு அண்மையான சான்று ஒன்று உண்டு. மலையாள நாவலின் தலைவாயிலாகப் போற்றப்படும் ‘இந்துலேகா’வை ஓ. சந்துமேனோன் 1889 ஜூன் 11ஆம் நாள் தொடங்கி ஆகஸ்டு 17ஆம் நாள் முடித்தார். அதை அவரே பதிவு செய்துள்ளார். இரு நாட்களையும் சேர்த்து எண்ணினால் அறுபத்தெட்டு நாட்கள். அவர் பரப்பனங்காடியில் முன்சீப்பாக இருந்தவர். வழக்குக் கட்டுகளுக்கு இடையே எழுதியவர் என்பதை நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் மறக்கலாகாது.

அவருடைய முன்னேற்பாடு எத்தகையது? ஆங்கில நாவல்களைப் படித்து, அவற்றின் கதைகளைத் தம் வீட்டாரிடம் வாய்மொழியாக மலையாளத்தில் சொல்லிவந்தார். டிஸ்ரேலியின் ஒரு நாவல் அவர்களைக் கவரவே, அதை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அம்முயற்சி சரிவராமல் போகவே, சொந்தமாக ஒன்று எழுதுவதாக வாக்களித்தார். அதுவும் சில காலம் தள்ளிப்போயிற்று. ஆனால், கதையை வாயால் சொல்லிப் பழகிய அக்காலமே அவர்க்குப் பெரும் ஆயத்தமாயிற்று என்பது நம் கருத்து. எந்த இடத்தில் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்பதை அவர் நேரில் கண்டறிந்தார்.

இக்கருத்துக்குச் சான்று நாவலுக்குள்ளேயே கிடைக்கிறது. பஞ்சுமேனோனின் முன்கோபமும் சூரி நம்பூதிரிப்பாட்டின் அசட்டுத்தனமும் இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. அவை அவர் காதால் கேட்டு வளர்ந்த வீட்டுப் பேச்சிலிருந்து வந்தவை. பதினெட்டாம் அத்தியாயத்துக்கு வந்தால், கடவுள் உண்டா, காங்கிரஸ் நல்லதா என்று மூவர் நெடுநேரம் விவாதிக்கின்றனர். கதை அங்கே நின்றுவிடுகிறது. அவ்வத்தியாயம் நூலுக்குப் புறம்பானது என்று விமர்சகர் பலர் குறை கூறியதுண்டு. அக்காலத்து அறிவுலகை அறிய அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாவல் என்ற முறையில் பார்த்தால், வாழ்ந்து பெற்றதும் படித்துப் பெற்றதும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்பதை அங்கே காண்கிறோம். முன்னது முளைத்திருக்கிறது, பின்னது ஒட்டியிருக்கிறது.

விரைவு என்பது பொல்லாத சோதனை. நின்று யோசிக்க நேரமில்லாதபோது, கைக்கு எது அண்மையில் இருக்கிறதோ அதையே கை எழுதும். காதில் சொந்த மனிதர்களின் பேச்சு நிறைந்திருந்தால் அப்பேச்சு வரும். தொடர்கதைகளின் சொற்றொடர்கள் நிறைந்திருந்தால் அவையே வரும். முப்பது நாள் எழுத்து ஒருவரைக் கெடுப்பதுமில்லை, உயர்த்துவதுமில்லை; அவருக்குள் ஏற்கெனவே இருப்பதை வெளியே கொட்டிக் காட்டுகிறது. ஆகவே முன்னேற்பாடு என்பது உள்ளே எதை நிரப்பிக்கொள்வது என்னும் கேள்வியேயாகும்.

நம் நகரத்துச் சான்றுகள்

வெளியூர்ச் சான்றுகளை விட்டு நம் நகரத்துக்குத் திரும்புவோம். இந்நகரில் தமிழ் நாவல் பெற்ற பேறு சிறிதன்று. 1964இல் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ வெளிவந்தது. ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியை அவர். எனினும் தம் முதல் நாவலில் ஆங்கில நாவல்களின் சாயலைத் தேடிப் போகவில்லை. பனையேறிகளின் வாழ்வையும் விளவங்கோட்டுப் பகுதியின் பேச்சையும் எடுத்துக்கொண்டார். லிஸி என்னும் சிறுமி வீட்டுக்குள் அடைபட்டுப் பெண்ணாவதை உரத்த குரலின்றிச் சொன்னார்.

1968இல் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ வந்தது. மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் அவர். இரணியல் செட்டிமார் சமூகத்தின் கதை அது. திரவி என்னும் இளைஞனின் கண்வழியே அனைத்தும் காட்டப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து குடிபெயர்ந்த பழங்கதையை உண்ணாமலை ஆச்சி சொல்ல, அவன் கேட்டு வளர்கிறான். அக்காள் நாகுவின் மணவாழ்வில் நேர்ந்த அநீதி அக்கதைகளின் மறுபக்கத்தை அவனுக்குக் காட்டுகிறது. அந்நாவலின் முன்னேற்பாடு எழுதுமேசையில் நடந்ததாக நமக்குத் தோன்றவில்லை. சடங்குகளின் வரிசையும் உறவுமுறைப் பெயர்களும் வசவுகளும் ஒரு பிள்ளை மடியில் கிடந்து கேட்டவை. அவற்றுக்கு ஆசிரியர் செய்துகொண்ட திட்டம் ஒன்றே: யார் கண்ணால் பார்ப்பது என்னும் முடிவு. அது சரியாக அமைந்ததால் நூற்றுக்கணக்கான விவரங்கள் தாமாக வரிசையில் நின்றன.

சாலைக் கடைவீதியில் கடை நடத்திய ஆ. மாதவன் முதலில் அக்கடைத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளில் எழுதிப் பழகினார். 1974இல் முதல் நாவலான ‘புனலும் மணலும்’ வந்தபோது, ஆற்றுமணல் வாரும் தொழிலாளர்களை அவர் சிறிதும் தடுமாற்றமின்றி எழுதினார். கடை மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் மனிதர்களைப் பார்த்ததே அவருடைய குறிப்பேடு எனலாம்.

இதற்கு எதிர்வழக்காக நகுலனைச் சிலர் காட்டக்கூடும். 1972இல் வந்த ‘நினைவுப் பாதை’யில் கதைத்திட்டம் என்று ஒன்றைத் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவர். ஆனால் திட்டம் வேறு, ஆயத்தம் வேறு. நவீனன் என்னும் மனத்தின் நடமாட்டத்தை ஒரே சுருதியில் நிறுத்துவதற்கு, நிகழ்ச்சிகளை அடுக்குவதினும் கடுமையான ஆயத்தம் வேண்டும். குறிப்பேட்டில் கதை இல்லாமல் நாவல் எழுதலாம். காதில் குரல் இல்லாமல் எழுத முடியாது.

நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வேறொரு பாடம் தருகிறது. ‘சரஸ்வதி’ இதழில் சில பகுதிகள் வெளிவந்து நின்றுபோய், 1966இல் முழு நூலாக வெளிவந்தது அது. தொடக்கம் நின்றுபோனதால் நூல் செத்துவிடவில்லை. முப்பது நாளில் முடியாமற் போனால் எல்லாம் போயிற்றென்று எண்ணும் இளைஞர் இதை நினைவிற் கொள்வாராக.

நம் நோட்டுப் புத்தகம்

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். தராசைப் பிடித்தவர் தம்மையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் முறை.

நம்மிடம் நீல அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்று திருவனந்தபுரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லை மட்டும் அவர்களுக்குத் தெற்கே போய் விழுந்தது. அண்ணன் நாகர்கோவிலிலும் தம்பி கரமனையிலுமாக ஒரு குடும்பம் இரு மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டதே நாம் எழுத எண்ணிய நாவல். அது நம் குடும்பத்தின் கதைதான்.

மிகவும் ஒழுங்காக ஆயத்தம் செய்தோம். வம்சாவளி வரைந்தோம். பாளையத்துப் பொது நூலகத்தில் பல ஞாயிறுகளைக் கழித்தோம். போராட்டத் தேதிகளையும் அன்றைய அரிசி விலையையும் பேருந்துத் தடங்களையும் தொகுத்தோம். இருபத்துநான்கு அத்தியாயங்களுக்கும் தலைப்பிட்டோம். ஒவ்வோராண்டும் திட்டத்தைத் திருத்தினோம். அத்தியாயம் எதையும் எழுதவில்லை.

அலுவலகத்தில் கோப்பு ஒன்றுக்கு இரு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் குறிப்பு, மறுபக்கம் கடிதம். குறிப்பு எவ்வளவு திறமாக எழுதப்பட்டாலும் கடிதம் வெளியே போகாதவரை மனுதாரர்க்குப் பயனில்லை. குறிப்பு மட்டுமே வளர்ந்துகொண்டிருக்கும் கோப்புகளை எத்தனையோ கண்டு நாம் சலித்ததுண்டு. வீட்டில் அத்தகைய கோப்பு ஒன்றை நாமே வளர்த்துக்கொண்டிருந்தோம் என்பது நெடுநாள் உறைக்கவில்லை.

அது மட்டுமாயின் சோம்பல் என்று தள்ளிவிடலாம். அந்நாவலின் உயிராக வேண்டியவர் நம் ஆச்சி. எல்லை பிரிந்த அன்று அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதுவரை நினைவில் வைத்திருந்தவர். மலையாளம் கலந்த அவருடைய தமிழ், நாம் வேறெங்கும் கேளாத தமிழ். மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து பேசுவார். நாமோ, முதலில் தேதிகள் சரியாகட்டும், ஆச்சியிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஆறாண்டுகளுக்கு முன் அவர் காலமானார். தேதிகள் இன்றும் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எவரும் எப்போதும் சென்று பார்க்கலாம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஆச்சியின் வாய்ச்சொல்லாகக் குறித்த வாக்கியம் மூன்றே கிடைக்கிறது.

இளைஞர்களைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பின் அடியில் இருந்தது இதுதான் போலும். அவர்கள் ஆயத்தமின்றி எழுதிவிடுவார்களோ என்னும் கவலையன்று. நாம் ஆயத்தத்திலேயே நின்றுவிட்டோம் என்னும் குறையே.

ஆயத்தம் எது?

மேற்கண்டவற்றால் நாம் தேறும் முடிவுகளைச் சுருங்கக் கூறுவோம்.

நிகழ்ச்சிகளை அத்தியாயவாரியாக அடுக்குவது ஆயத்தத்தின் சிறு பகுதியே. அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை மூன்று. யார் கண்வழியே பார்க்கிறோம்? அவர்கள் எந்தத் தமிழில் பேசுகிறார்கள்? கதை தொடங்கும்போது இருந்த நிலை முடிவில் எவ்வாறு மாறியிருக்கும்? இம்மூன்றுக்கும் விடை ஒரு தாளில் அடங்கும். அத்தாள் கையில் இருந்தால் இடையில் வழி தவறினும் திரும்பி வரலாம். அது இல்லாமல் நாற்பது பக்கத் திட்டம் இருப்பினும் பத்தாம் நாள் பேனா நின்றுவிடும்.

‘கமலாம்பாள் சரித்திர’த்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ராஜமையர் 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் மாதந்தோறும் எழுதத் தொடங்கிய அந்நாவலின் முற்பகுதியில் சிறுகுளத்து மாந்தரின் வம்பும் வாழ்வும் துள்ளுகின்றன. பிற்பகுதியில் நோக்கு வேதாந்தத்தின்பால் திரும்புகிறது. தத்துவம் நாவலுக்கு ஆகாது என்பதன்று நம் வாதம். தொடக்கத்தில் வாசகரை அழைத்துச் சென்ற கண் ஒன்று. முடிவில் வழிகாட்டும் கண் வேறொன்று. அந்த மாற்றத்துக்கு வாசகரை ஆயத்தம் செய்யாததே குறை. இருபதுகளில் எழுதி இருபத்தாறாம் வயதில் மறைந்த ஆசிரியரிடம் இக்குறையைப் பெரிதுபடுத்துவது நன்றியன்று. ஆனால் கற்றுக்கொள்வது கடமை.

அடுத்து, மீதமுள்ள ஆயத்த நாட்களைக் கேட்பதில் செலவிடுதல் வேண்டும். எழுதப்போகும் கதையை வீட்டிலிருப்பவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். சந்துமேனோன் செய்தது அதுவே. பெரியவர்கள் இருப்பின் அவர்களை முதலில் கேட்க வேண்டும்; நூலகம் பிறகு. காத்திருக்க வல்லதைக் காக்க வைத்து, காத்திருக்க மாட்டாததை முன்னே கவனிப்பதே ஆயத்தத்தின் முறை.

மூன்றாவதாக, எழுதத் தொடங்கியபின் திட்டத்தைத் திருத்தும் வேலையை ஒத்தி வைத்தல் வேண்டும். ஆந்தணி டிராலப் ஆங்கில அஞ்சல் துறையின் அதிகாரி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியதைத் தம் சுயசரிதையில் வெளிப்படையாகக் கூறினார். அது வெளிவந்தபின், இயந்திரம்போல் எழுதியவர் என்று பலர் அவரை இகழ்ந்தனர். ஆனால் அவருடைய பார்செட்டர் நாவல்களை இன்றும் மக்கள் படிக்கின்றனர். பகலெல்லாம் அரசாங்கத்துக்கு உழைப்பவர்க்கு விடியற்காலை ஒன்றே சொந்தம். மார்கழி அதற்கு வாய்த்த மாதம். அப்போது ஊரே முன்னதாக விழித்திருக்கும்.

முப்பது நாளில் எழுதியது முடிந்த நாவலாகாது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அது முதற்படி. அதன்பின் ஆறு மாதமோ ஓராண்டோ திருத்த வேண்டியிருக்கலாம். இல்லாததைத் திருத்த முடியாது என்பதே அம்முப்பது நாளின் பயன்.

இவ்வளவையும் நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் ஒன்றுண்டு. இந்நகரின் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். தமிழை வீட்டில் கேட்டும் இதுபோன்ற சங்கங்களில் படித்தும் பெறுகின்றனர். நகுலன் 2007இலும் ஆ. மாதவன் 2021இலும் மறைந்தனர். அவர்கள் எழுதிய தமிழ் இத்தெருக்களில் இன்னும் பேசப்படுகிறது. அதைப் பேசுபவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைவதைக் கரமனையிலும் சாலையிலும் நடப்பவர் எவரும் அறிவர். இந்நிலையில், நால்வர் தாமாக முன்வந்து தமிழில் நாவல் எழுதுகிறோம் என்று சொல்லும்போது, அவர்களுடைய கதைத்திட்டம் செம்மையாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு அழகன்று. யாரிடம் கேட்டு எழுதப்போகிறீர்கள் என்று கேட்பதே தகும்.

அந்நால்வரையும் சென்ற வாரம் மீண்டும் கண்டோம். சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். ஒருவர் தம் பாட்டியிடம் நாள்தோறும் ஒரு மணிநேரம் பேசத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அது போதும் என்றோம். பந்தயத்தில் ஐந்தாவது பெயராக நம் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டோம். நீல நோட்டுப் புத்தகம் பரணுக்குப் போய்விட்டது. ஆச்சியின் மூன்று வாக்கியங்களை மட்டும் ஒரு தனித்தாளில் பெயர்த்து மேசைமேல் வைத்திருக்கிறோம்.